தெளியாத மோர்

வெள்ளையாக இருக்கும் எதையும் நான் பாட்டிலில் ஊற்றி வைப்பதில்லை. பால் பாத்திரத்தில்தான் இருக்கும். மோர் என்றால் சொம்பு. தேங்காய்ப்பாலைப் பிழிந்த கையோடு குழம்பில் சேர்த்துவிடுவேன். யாராவது ஆசையாகப் பாட்டிலில் மோர் கொண்டுவந்து கொடுத்தால் சிரித்துக்கொண்டே வாங்கி வைப்பேன். அவர்கள் படியிறங்கியதும் சிங்க்கில் கொட்டிவிடுவேன். இதைத் திமிர் என்று எங்கள் ஃபிளாட்டில் சிலர் சொல்வது என் காதுக்கும் வந்திருக்கிறது. சொல்லிக்கொள்ளட்டும். உண்மையில் அது பயம்.

திருமுல்லைவாயிலில் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் எங்கள் ஃபிளாட். மொத்தம் பன்னிரண்டு வீடுகள். எங்களுடையது மூன்றாவது மாடி. மகள் பெங்களூரில் வேலைக்குப் போனபிறகு வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறார். எனக்கு வேலை வீடு. அந்த வீட்டைச் செலவில்லாமல் பளபளவென்று வைத்திருப்பதில் எனக்கு ஒரு வெறியே உண்டு. விளம்பரத்தில் காட்டும் பச்சை பாட்டிலையும் நீல பாட்டிலையும் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். எலுமிச்சைத் தோலை வெல்லத் தண்ணீரில் மூன்று மாதம் ஊறப்போட்டுத் தரை துடைத்திருக்கிறேன். வினிகரும் சமையல் சோடாவும் போட்டு சிங்க் அடைப்பை எடுத்திருக்கிறேன். பித்தளைக்குப் புளி, கண்ணாடிக்குப் பழைய பேப்பர், பட்டுப்புடவைக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீர். இந்த விஷயத்தில் என்னிடம் வாதாடி ஜெயித்தவர்கள் யாரும் கிடையாது.

மேனாம்பேட்டில் மகளிர் குழு நடத்திய ஒருநாள் பயிற்சியில்தான் வெள்ளை பினாயில் செய்யக் கற்றுக்கொண்டேன். செய்வதற்கு ஒன்றுமே இல்லை. மண்ணூர்பேட்டையில் ஒரு கெமிக்கல் கடையில் காம்பவுண்ட் விற்பார்கள். தேன் நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு எண்ணெய். அதைப் பக்கெட் தண்ணீரில் ஊற்றிக் குச்சியால் கலக்கினால் கண்ணெதிரே அத்தனை தண்ணீரும் பாலாக மாறிவிடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன். வாசனைக்கு லெமன்கிராஸ் வாங்கிச் சேர்த்துக்கொள்வேன். விரைவிலேயே ஃபிளாட்டில் பாதி வீடுகளுக்கு நான்தான் பினாயில். அவரவர் குடித்துவிட்டுத் தூக்கிப்போடும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை என்னிடம் கொடுப்பார்கள். நான் லேபிளை உரித்துக் கழுவி நிரப்பிக் கொடுப்பேன்.

இனி என் கணவருடைய மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கொரோனா அவரை விட்டுப் போனபோது மூக்கையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. எல்லாருக்கும் ஒரு மாதம், இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. அவருக்கு வரவேயில்லை. மல்லிகைப்பூவும் ஒன்றுதான், மீன் கழுவிய தண்ணீரும் ஒன்றுதான். வாசனை போனதோடு ருசியும் பாதி போய்விட்டது. சாம்பாரில் பெருங்காயம் இருக்கிறதா என்று அவரிடம் கேட்பதில் அர்த்தமே இல்லை. "நம்ம வீட்டுல ரெண்டு பேருக்கு ஒரு மூக்கு" என்று சொந்தக்காரர்களிடம் நான் கிண்டலாகச் சொல்வேன். அவரும் சிரிப்பார். ஆனால் அவரைத் தனியாக விட்டுவிட்டுக் கடைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் சிலிண்டரை மூடினேனா என்று பாதி வழியில் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போன நாட்கள் உண்டு.

ஒருமுறை டைல்ஸ் கறை போக வேண்டும் என்று ஃபிளாட் வாட்ஸப் குழுவில் யாரோ அனுப்பியதை நம்பி, பிளீச்சிங் பவுடரைப் போட்டு அதன்மேல் ஆசிட்டையும் ஊற்றிவிட்டேன். குப்பென்று பச்சையாக ஒரு நெடி கிளம்பித் தொண்டையைப் பிடித்தது. நான் இருமிக்கொண்டே பால்கனிக்கு ஓடினேன். ஓடிப்போய் நின்றபிறகுதான் அவர் ஞாபகமே வந்தது. உள்ளே வாஷ்பேசின் முன்னால் கண்ணில் நீர் வழிய நின்று, கர் கர் என்று இருமிக்கொண்டே, "வெங்காயம் நறுக்கறியா?" என்று கேட்டார். சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மற்றவர்களை எது எச்சரிக்குமோ அது இந்த மனிதரிடம் வராது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். பினாயில் பாட்டில் எதுவானாலும் கழுத்தில் சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டுவிட வேண்டும். போட்டுவிட்டுக் குளியலறைப் பரண்மேல் ஏற்றிவிட வேண்டும். அவருக்கும் சொல்லி வைத்திருந்தேன். ரப்பர் பேண்டைப் பார்த்தால் தொடவே மாட்டார்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. தட்டில் எது நன்றாக இருக்கிறதோ அதைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்பார். கருகிய தோசையை முதலில் தின்றுவிட்டு முறுகலான தோசையை ஓரத்தில் வைத்திருப்பார். வடையின் உடைந்த துண்டு முதலில், முழு வடை கடைசியில். கல்யாணமான நாளிலிருந்து இதைச் சொல்லி அவரைக் கேலி செய்திருக்கிறேன். "அதுக்குள்ள உயிர் போயிட்டா முழு வடை யாருக்கு?" என்று கேட்பேன்.

அந்தக் கத்திரி வெயிலில் ஸ்டேஷன் ரோடு முனையில் மோர்ப் பந்தல் போடலாம் என்று ஃபிளாட்டில் முடிவானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். வீட்டுக்குப் பத்து பாட்டில் மோர். அதைப் பந்தலில் இருக்கும் டிரம்மில் ஊற்றி, ஐஸ் போட்டு, கொத்தமல்லியும் எலுமிச்சை இலையும் கிள்ளிப் போட்டு மொண்டு கொடுப்பது என்று ஏற்பாடு. சனிக்கிழமை சாயங்காலம் அவர் வேலைக்குக் கிளம்பியதும் நான் பினாயில் கலக்கி ஆறு பாட்டில் நிரப்பினேன். ஞாயிறு காலையிலேயே கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று சிங்க்குக்குக் கீழே தரையில் வரிசையாக வைத்தேன். ரப்பர் பேண்ட் டப்பா பரண்மேல் இருந்தது. விடிந்தால் வெளியே போகப்போகிற பாட்டிலுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். ஸ்டூல் போட்டு ஏறச் சோம்பல், அவ்வளவுதான்.

காலையில் எழுந்து தயிர் கடைந்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்துக் கலந்து வடிகட்டி, பத்து பாட்டிலில் மோரை ஊற்றிச் சமையல் மேடைமேல் வைத்தேன். அதுவும் அதே தண்ணீர் பாட்டில்கள்தான். ஏழரைக்கு அவர் ஷிப்ட் முடிந்து வந்தார். "மோர் பாட்டிலெல்லாம் அந்தக் கட்டைப் பையில வெச்சிருங்க, கீழ் வீட்டு அக்கா வந்து எடுத்துப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். தரையில் இருப்பது பினாயில் என்று சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்று நினைத்தேனா, மறந்தேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

குளித்துவிட்டு வந்தபோது பையைக் காணோம். கீழ் வீட்டு அக்கா வந்து எடுத்துப் போயிருந்தார். என் கணவர் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். நைட் ஷிப்ட் முடித்து வந்தால் பன்னிரண்டு மணிவரை இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். போனையும் சைலன்ட்டில் போட்டுவிடுவார். நான் வீட்டைத் துடைத்து, குக்கரை வைத்து, காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரை இருக்கும். இரண்டாவது மாடியில் இருக்கும் பெண் பினாயில் வாங்க வந்தாள். எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன். ஐந்து பாட்டில் இருந்தன. மறுபடி எண்ணினேன். ஐந்துதான்.

ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தேன். ஐந்தும் பினாயில். அப்படியென்றால் ஆறாவது?

ஆறாவது பாட்டில் மோரோடு மோராகப் பையில் போய்விட்டது. பந்தலில் யாரும் பாட்டிலை மோந்து பார்த்து ஊற்றப்போவதில்லை. மூடியைத் திறந்து டிரம்மில் கவிழ்க்கப் போகிறார்கள். நிறமும் ஒன்று. லெமன்கிராஸ் வாசனை வந்தாலும் எலுமிச்சை இலை என்று நினைத்துக்கொள்வார்கள். இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பந்தலில் மைக் செட் போட்டிருந்தார்கள், எப்படிக் கேட்கும்?

ஓடினேன். என் வயதுக்கும் உடம்புக்கும் அது ஓட்டமே இல்லை. செருப்பு வாரறுந்து ஒரு காலை இழுத்துக்கொண்டு போனேன். எதிரே வருகிறவர்களின் கையில் பேப்பர் கப் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். ஒரு அம்மா கைக்குழந்தையின் வாயைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு வந்தாள். மோரா, எச்சிலா, எதைத் துடைத்தாள் என்று தெரியவில்லை. நின்று கேட்காமல் ஓடினேன். ஜெயிலுக்குப் போவது, பேப்பரில் வருவது, மகளின் முகத்தில் விழிப்பது என்று என்னென்னவோ மனதில் ஓடியது. சிக்கனம் சிக்கனம் என்று ஆடினாயே, நன்றாக வேண்டும் உனக்கு என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பந்தலில் டிரம்மைச் சுற்றி பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். கீழ் வீட்டு அக்கா மொண்டு மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்.

"யாரும் குடிக்காதீங்க! கீழ கொட்டுங்க!" என்று கத்தினேன். அந்தக் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

யாரும் கொட்டவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் டிரம்முக்குள் தலையை விட்டு மோந்தேன். எலுமிச்சை அடித்தது. அது இலையா, பினாயிலா? பாட்டில்களைத் திறந்து மோந்து மோந்து என் மூக்கும் கைகளும் லெமன்கிராஸாக இருந்தன. எதை மோந்தாலும் அதுதான் வந்தது. வீட்டுக்கே மூக்காக இருந்தவளுக்கு அன்று மூக்கு இல்லை. வேறு வழி தெரியாமல் டிரம்மின் விளிம்பைப் பிடித்து முழு பலத்தையும் கொடுத்துச் சாய்த்தேன். ஐஸ் கட்டிகளோடு மோர் ரோட்டில் ஓடியது.

ஒரு ஆட்டோக்காரர் காலி கப்போடு நின்றிருந்தார். "இன்னாமா இது? நாக்கு வறண்டு வந்துகினு கீறோம், மொத்தத்தையும் ரோட்டுல ஊத்திக்கினு நிக்கிற?"

"அண்ணா, நீங்க குடிச்சீங்களா? வயிறு எரியுதா? வாந்தி வருதா?"

"மூணு கப்பு வுட்டேன். வவுறு ஜில்லுனு கீது. நீ வந்து கத்தனதுலதான் ஒரு மாதிரி கீது."

சிலர் சிரித்தார்கள். அசோசியேஷன் செகரட்டரி முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். நான் கீழ் வீட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகமும் வெளுத்தது. பிறகு யோசித்துச் சொன்னார்:

"இல்லம்மா. ஒவ்வொரு ஊட்டு மோரும் ஊத்த ஊத்த நான் ஒரு வாய் குடிச்சுப் பார்த்துட்டுதான் கலக்கினேன். உன்னுதுல உப்பு கம்மியா இருந்துச்சு. நான்தான் போட்டேன்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு பாட்டிலையுமா குடித்துப் பார்த்திருப்பார்? காலி பாட்டில்களைக் கட்டி வைத்திருந்த சாக்கை ரோட்டிலேயே அவிழ்த்துக் கொட்டினேன். கையை மண்ணில் தேய்த்து, ஐஸ் தண்ணீரில் கழுவிக்கொண்டு, மண்டிபோட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலாக எடுத்தேன். பினாயில் இருந்த பாட்டிலில் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் மறுபடி வெள்ளை நுரை எழும்பும், வாசனையும் போகாது. அக்கா தண்ணீர் ஊற்ற ஊற்ற நான் குலுக்கினேன். எல்லாவற்றிலும் மோர்த் திப்பி ஒட்டியிருந்தது. இஞ்சி வாசனை வந்தது. சாக்கு முழுக்கப் பார்த்து முடித்துவிட்டேன். அதில் பினாயில் பாட்டில் இல்லை.

அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் சாகவில்லை, யாரும் சாகப்போவதில்லை. ஆட்டோக்காரர் எனக்கு ஒரு சோடா வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். "குடிமா, உனுக்குத்தான் இப்ப வேணும்" என்றார்.

ஒரு வாய் குடித்திருப்பேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "நானும் காலையிலயே கேக்கணும்னு இருந்தேன், பத்து பாட்டில்னு சொன்ன, பையில ஒம்போதுதான் இருந்துச்சு" என்றார்.

சோடா பாட்டிலைக் கீழே வைத்தேன்.

மோரில் ஒன்று குறைவு. பினாயிலில் ஒன்று குறைவு. இரண்டும் பந்தலுக்கு வரவில்லை. அப்படியென்றால் இரண்டும் வீட்டில் இருக்கின்றன. வீட்டில் என்னைத் தவிர அவற்றைத் தொட்டது ஒரே ஒரு ஆள். மூக்கில்லாத ஆள். எழுந்ததும் தாகமென்று ஃபிரிட்ஜைத் திறக்கிற ஆள். மோரானாலும் தண்ணீரானாலும் உதடு படாமல் அண்ணாந்து நேராகத் தொண்டைக்குள் மடமடவென்று ஊற்றிக்கொள்கிற ஆள். நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவதற்குக்கூட அதில் நேரமில்லை.

மணி பன்னிரண்டே கால்.

"அண்ணா, வண்டி எடுங்க" என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் எடுத்தார். வழியெல்லாம் போன் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இத்தனை நேரம் ஊரார் உயிருக்காக ஓடினேனே, அந்த அறைக் கதவை ஒரு தட்டுத் தட்டி எழுப்பியிருக்கக் கூடாதா என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. திருப்பத்தில் லாரி ஒன்று குறுக்கே நின்றது. ஆட்டோக்காரர் அதைத் திட்டிய கெட்ட வார்த்தைகள் எல்லாம் அன்று எனக்கு மந்திரம் மாதிரி இருந்தன.

மூன்று மாடி. எப்படி ஏறினேன் என்று தெரியாது. கதவை நான் போனபோது பூட்டவேயில்லை.

அவர் எழுந்துவிட்டிருந்தார். லுங்கியோடு சாப்பாட்டு மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தார். மேஜைமேல் ஒரு காலி பாட்டில். கையில் இன்னொரு பாட்டில், முழுசாக, மூடி திறந்து. தலை பின்னால் சாய்ந்திருந்தது. கை மேலே போய்க்கொண்டிருந்தது.

ஓடிப்போய் அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். பாட்டில் சுவரில் மோதிக் கீழே விழுந்து உருண்டது. வெள்ளை வெள்ளையாகத் தரையெல்லாம் பரவியது. வீடு முழுக்கக் குப்பென்று லெமன்கிராஸ்.

மேஜைமேல் இருந்த காலி பாட்டிலை எடுத்து, அடியில் மிச்சமிருந்த சொட்டை என் நாக்கில் விட்டுக்கொண்டேன். உப்பில்லாத மோர். இஞ்சி. மோர்தான்.

"பைத்தியமாடி உனக்கு?" என்றார் கையை உதறிக்கொண்டே. "அந்தப் பாட்டிலுக்கு மூடி சரியில்ல, பையில வெச்சா ஒழுகும்னு எடுத்து ஃபிரிட்ஜுல வெச்சேன். கீழ தனியா வெச்சிருந்தியே, அது நமக்குன்னுதானே? அதுலயும் ஒண்ணு எடுத்து வெச்சேன். மூடி சரியில்லாதது மேல தண்ணி, கீழ மோருன்னு தெளிஞ்சு போயிருந்துச்சு. அத முதல்ல முடிச்சேன். இது பாரு, காலையில இருந்து தெளியவே இல்ல, அப்படியே கெட்டியா இருந்துச்சு. கடைசியா ஆசையா குடிக்கலாம்னு வெச்சிருந்தேன்."

அந்த முழு வடையை எத்தனை வருஷம் கேலி செய்தேன் என்பதுதான் நினைவுக்கு வந்தது. கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன்.

அவர் அந்த வெள்ளைக்கு நடுவில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன வாசனை என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் குனிந்து ஒரு விரலால் தரையைத் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"நல்ல மோரைக் கொட்டிட்டியே. வழுவழுன்னு இருக்கு பாரு, வெண்ணெய் எடுக்காத மோரா?" என்று கேட்டுக்கொண்டே அந்த விரலை வாய்க்குக் கொண்டு போனார்.

தவழ்ந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் "என்ன ஆச்சு, சொன்னாத்தானே தெரியும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.